உயிரணுவினுள் ஒரு செயற்கைக் கடிகாரம்

ஊசலைப்போல் சீராக ஏறி இறங்கும் வேதியியல் இயக்கத்தை உயிரணுவினுள் அமைக்க இயலும் என்பதை, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எலோவிட்ஸ், லைப்லர் ஆகிய இருவர் மெய்ப்பித்தனர்.

ஈ. கோலி பாக்டீரியாவில் மூன்று மரபணுக்கள் புகுத்தப்பட்டன. முதலாவதன் புரதம் இரண்டாவதையும், இரண்டாவதன் புரதம் மூன்றாவதையும், மூன்றாவதன் புரதம் முதலாவதையும் அடக்கும். ஆகவே ஒன்று பெருகுங்கால் அடுத்தது குன்றும். அது குன்றவே மூன்றாவது தலைதூக்கி முதலாவதை ஒடுக்கும். இச்சுழற்சி தொடரும். ஒன்றையொன்று அடக்கும் மரபணுக்கள் இரண்டே ஆயின், ஒன்று வென்று நிலைத்துவிடும்; ஊசலாட்டம் எழாது.

வளையம் மட்டும் போதாது. அடக்குதல் வலிமையாகவும், புரதத்தின் ஆயுள் செய்தி ஆர்.என்.ஏ.யின் ஆயுளுக்கு நெருங்கியும் இருத்தல் வேண்டும் என்பது சமன்பாடுகளால் முன்னரே அறியப்பட்டது. எனவே புரதங்கள் விரைவில் சிதையுமாறு அவற்றின் நுனியில் ஒரு துண்டு இணைக்கப்பட்டது.

பச்சையாய் ஒளிரும் புரதத்தின் துணையால் நோக்கியபோது, ஒளி ஏறக்குறைய 150 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கிற்று. ஆயினும் சுமார் 40 சதவீத அணுக்களிலேயே ஆட்டம் தென்பட்டது. அதுவும் சீராக இல்லை. சிதைக்கும் நொதிக்காகப் புரதங்கள் போட்டியிடுவதும் இதற்கு ஒரு காரணம் எனக் கண்ட ஹார்வர்டு ஆய்வாளர்கள், 2016இல் அத்துண்டையே நீக்கினர். அணு வளர வளரப் புரதம் நீர்த்துக் குறைந்தது, சுழற்சிக் காலம் நீண்டது, ஆட்டமும் சீராயிற்று.