படகில் முளைத்த நாணல் புதர்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட் க்ரீக் என்றொரு கடலோரச் சிற்றூர். 1836 வாக்கில் அங்கே ஹேசல்டன் சீமன் என்ற படகுத் தச்சர் தமக்கென்று ஒரு படகு கட்டினார். அவர் கைதேர்ந்த வாத்து வேட்டைக்காரரும்கூட. தண்ணீருக்கு மேல் அதிகம் தெரியாத தட்டையான உடல், மேலே மூடிய தளம், நடுவில் ஆள் இறங்கிப் படுக்க ஒரு திறப்பு. தளத்தின் மீது கோரைப் புல்லைப் பரப்பிவிட்டால் படகு எது, சதுப்பு எது என்று வாத்துக்குத் தெரியாது. அப்பகுதியிலுள்ள பார்னகட் விரிகுடாக்காரர்கள் அதற்கு ‘ஸ்னீக்பாக்ஸ்’, அதாவது பதுங்குபெட்டி, என்று பெயர் வைத்தார்கள். வழக்கமாக 12 அடி நீளம்தான். அதிலேயே படுத்துறங்கி, பிட்ஸ்பர்க்கிலிருந்து ஃபுளோரிடாவரை 2,600 மைல் போனார் நத்தானியல் பிஷப் என்ற பயணி.

சிறிய படகில் சௌகரியமாக ஒளிவது எப்படி என்று இன்று யோசிப்பவர்களும் சீமனிடம்தான் பாடம் கேட்க வேண்டும். உயரத்தைக் குறைப்பது அவருடைய முதல் பாடம்.

இன்று பலர் வைத்திருப்பது தட்டையடி அலுமினியப் படகு. அதன் இரு விளிம்பிலும் கீல் வைத்து, மின்வயர் ஓட்டும் மெல்லிய இரும்புக் குழாயை வளைத்து மறைப்புக்குச் சட்டம் அமைக்கிறார்கள். பி.வி.சி. குழாய் மலிவு. ஆனால் உறைபனிக் குளிரில் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். சட்டத்தின் மேல் வலை, வலையின் மேல் புல் பாய். அதோடு வேலை முடிந்ததாக நினைப்பது தவறு. அன்றன்று போகும் இடத்திலேயே சம்பையும் நாணலையும் அறுத்துச் செருக வேண்டும். கடையில் வாங்கிய பாயின் நிறமும் அந்தச் சதுப்பின் நிறமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வாத்து மேலிருந்து பார்க்கிறது. நேர்கோடும், நிமிர்ந்து பார்க்கும் வெளுத்த முகமும் அதன் கண்ணில் உடனே படும்.

சௌகரியம் இங்கே ஆடம்பரமில்லை. அமெரிக்காவில் வேட்டை நேரம் வழக்கமாகச் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே தொடங்குகிறது. அதற்கும் முன்னால் இருட்டில் வந்து, குளிரில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் இல்லாதவர் நெளிவார். நெளிந்தால் வாத்துக் கூட்டம் திசை மாறிவிடும். இருக்கை தாழ்வாக இருந்தால் படகும் நிலையாக நிற்கும். உட்கார்ந்தால் கண் மட்டும் மறைப்பின் விளிம்பைத் தாண்ட வேண்டும். அதுதான் சரியான அளவு. சுட்ட வாத்தை எடுத்துவரும் நாய்க்குத் தனி வாசலும் தண்ணீரில் இறங்கிவரப் பலகையும் தேவை. இல்லையென்றால் அது ஒவ்வொரு முறை பாயும்போதும் படகு ஒரு பக்கம் சாயும். கேஸ் அடுப்பு வைப்பவர்கள் மேற்பகுதியை மூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பக்கத்திலிருப்பதோ காய்ந்த புல்.

ஒளிவதற்கும் அமெரிக்கச் சட்டத்தில் எல்லை உண்டு. வாத்தை ஏமாற்றி ஈர்க்கும் கனத்த இரும்புப் பொய்வாத்துகளைப் பாரமாக வைத்து, வேட்டைக்காரர் உடல் நீர்மட்டத்துக்குக் கீழே போகும்படி அமிழ்த்திய ‘சிங்க்பாக்ஸ்’ பெட்டிகள் 1935-ல் தடை செய்யப்பட்டன. இன்று மோட்டார் படகிலிருந்து சுட வேண்டுமானால் இன்ஜினை அணைத்திருக்க வேண்டும், அது கொடுத்த ஓட்டமும் நின்றிருக்க வேண்டும்.

சட்டம் சொல்வதைவிடக் காற்று சொல்வது கடுமையானது. 1940 நவம்பர் 11 அன்று காலை அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி இதமாக இருந்தது. மெல்லிய சட்டையோடு படகெடுத்தவர்கள் பலர். பகலில் புயல் எழுந்து, வெப்பநிலை சரசரவென்று இறங்கியது. படகுகள் கவிழ்ந்தன, ஆற்றுத் தீவுகளில் ஒதுங்கியவர்கள் உறைந்தார்கள். அந்தப் புயலில் மாண்ட சுமார் 150 பேரில் வாத்து வேட்டைக்காரர்கள் பலர்.

உயர்த்திக் கட்டிய மறைப்பு காற்றுக்கு விரித்த பாய்மரம் போன்றது. நனைந்த புல் பாயின் எடையும் கூடிக்கொண்டே போகும். படகின் உட்புறத் தகட்டில் எத்தனை பவுண்டு தாங்கும் என்று எழுதியிருக்கும். ஆள், நாய், துப்பாக்கி, ஈரப் பாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உயிர்காப்பு உடுப்பு இருக்கைக்கு அடியில் கிடந்தால் பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். காற்று எழுந்ததும் உட்கார்ந்தபடியே ஒரே ஆள் மடக்க முடியாத மறைப்பை, அது எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், சிறிய படகில் ஏற்றக் கூடாது.