வாய்ப்பூட்டா, வரம்பா?

அண்மையில் என் மாணவன் ஒருவனின் தந்தை கைப்பேசியோடு பள்ளிக்கு வந்தார். "ஐயா, லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வரவில்லை என்று இணையத்தில் எழுதினேன். விதிகளுக்கு முரணானது என்று சொல்லி அழித்துவிட்டார்கள். நம் நாட்டில் பேச உரிமை இல்லையா?" என்று கேட்டார்.

உரிமை உண்டு. நமது கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமை தருகிறது. அதே பிரிவு வரம்பும் இடுகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் முதலிய காரணங்களுக்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம்.

ஆனால் அவர் எழுதியதை அழித்தது அரசாங்கமன்று. அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனம். கோயில் அறிவிப்புப் பலகையில் எதை ஒட்டலாம் என்று நிர்வாகம் முடிவு செய்வதுபோல, அவர்களும் தங்களுக்கென விதிகள் வைத்திருக்கிறார்கள். நாள்தோறும் வந்து குவியும் எழுத்தையும் படத்தையும் மனிதர் உட்கார்ந்து படித்து முடியாது. ஆகவே முதலில் கணினி சலிக்கிறது. மற்றவர்கள் புகார் செய்தாலும் பார்க்கிறார்கள். சிலவற்றை மட்டுமே ஆட்கள் படிக்கிறார்கள்.

அவர் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில், "குழாயை அடைத்தவன் கையை வெட்ட வேண்டும்" என்றிருந்தது. "காலையில் வெட்டுக்குப் போகிறேன்" என்றால் பால்மரம் வெட்டப் போவது என்று நமக்குத் தெரியும். கோபத்தில் சொல்வதும் கொலை மிரட்டலும் வேறென்றும் தெரியும். கணினி இவற்றைப் பிரித்தறியாமல் தடுமாறுவதுண்டு.

அப்படியானால் எதையுமே அழிக்காமல் விட்டுவிடலாமா? 2024-ஆம் ஆண்டு ஜூலையில் நம் நாட்டில், இணையத்தில் தொடர்ந்து ஏச்சுக்கும் மிரட்டலுக்கும் ஆளான ஒரு பெண் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அந்தச் சட்டப் பிரிவின் உச்ச அபராதமே அவ்வளவுதான். மக்கள் கொதித்தெழுந்தார்கள். தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11-இல் நடப்புக்கு வந்தது. துன்புறுத்தித் தற்கொலைக்குத் தூண்டினால் இப்போது 10 ஆண்டு வரை சிறை.

அளவுக்கு மீறிக் கடுமை காட்டினாலும் கேடுண்டு. 2020 ஜூனில் மலேசியாகினி செய்தித்தளத்தில் வாசகர்கள் ஐந்து பேர் நீதித்துறையைப் பற்றி எழுதிய கருத்துகள் வழக்காயின. போலீசார் தெரிவித்த சில நிமிடங்களில் அவை நீக்கப்பட்டன. ஆயினும் 2021 பிப்ரவரி 19-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் குற்றவாளி எனக் கண்டு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. ஏழு நீதிபதிகளில் நளினி பத்மநாதன் ஒருவர் மட்டும் மாறுபட்டார். பொதுமக்கள் சில மணி நேரத்தில் முழுத் தொகையையும் திரட்டிக் கொடுத்தார்கள். பிறர் எழுதியதற்கு இவ்வளவு பெரிய தண்டனை என்றால், தளம் நடத்துவோர் என்ன செய்வார்கள்? நமக்கேன் வம்பு என்று, நியாயமான குறையையும் சேர்த்து அழிப்பார்கள்.

ஆகவே, அழிப்பதா வேண்டாமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. விதி எல்லாருக்கும் தெரிய வேண்டும். அழித்தால் எந்த வரிக்காக என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் ஒரு மனிதர் படித்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 80 இலட்சமோ அதற்கு மேலோ பயனர்களைக் கொண்ட சமூக ஊடகத் தளங்கள் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து உரிமம் பெற வேண்டும் என்றாயிற்று. உரிமம் கொடுப்பவர்களும் பெறுபவர்களும் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளையை யாராவது இணையத்தில் மிரட்டினால், உடனே அழித்துவிடாதீர்கள். திரையை அப்படியே படமெடுத்து வையுங்கள். தளத்தில் புகார் செய்யுங்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் போலீசுக்கும் தெரிவியுங்கள். நீங்கள் எழுதியது அழிக்கப்பட்டால், காரணம் கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

அந்தத் தந்தை என் மேசையிலேயே அமர்ந்து கடைசி வரியை எடுத்துவிட்டு, எத்தனை வீடு, எத்தனை நாள் என்ற கணக்கோடு மறுபடி எழுதினார். அது அழியவில்லை. முன்பைவிட அதுதான் கடுமையாகவும் இருந்தது.