கவ்வாத்துக்கு அடங்காத முட்செடி

நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டின் ஓரமாய் நின்று கெசல்கமுவ ஓயாவைப் பார்ப்பவர், அந்த நீர் மின்சாரமாக உருமாறுவதை அறிவார். ஆனால், அந்த ஆறு போய்ச் சேரும் களனி கங்கைக்கும், மகாவலி, வளவை ஆகிய மற்ற இரு கங்கைகளுக்கும் ஊற்றுக்கண்களைத் தந்து நிற்கும் ஹோட்டன் சமவெளியில், புல்லுக்கும் ஒரு முட்செடிக்கும் நெடுங்காலமாக நடந்துவரும் யுத்தத்தை அறிந்தவர் நம்மிற் சிலரே.

சிங்களத்தில் ‘பத்தன’ என்றால் மலைப் புல்வெளி. கொட்டகலைக்கு அருகே பத்தனை என்னும் ஊர் அச்சொல்லையே பெயராகத் தாங்கி நிற்கிறது. காடழித்துக் கோப்பி நட்ட வெள்ளைக்காரத் துரைமார், பத்தனை நிலத்தை மண்வளம் அற்றதென்று பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார்கள். அந்த அலட்சியம் ஒருவகையில் அதற்கு அனுக்கிரகமாகவே முடிந்தது. ஹோட்டன் சமவெளியில், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே, இரவின் உறைபனியையும் மரைக்கூட்டத்தின் மேய்ச்சலையும் சகித்து, கறுத்த ஈர மண்ணிற் பற்றிக்கொண்டு வளரும் அந்தப் புல்லினிடையே, தரையோடு தரையாக மலரும் ஜென்ஷியன் என்ன, இளஞ்சிவப்புக் கதிராய் நிமிரும் சட்டிரியம் என்ற நில ஆர்க்கிட் என்ன, ஆங்காங்கே தனித்து நின்று செம்மலர் சொரியும் ரோடோடென்ட்ரன் விருட்சம் என்ன, இவையெல்லாம் எவர் நட்ட தோட்டமும் அன்று. 3,160 ஹெக்டேயர் பரப்புள்ள இப்பிரதேசம் 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பட்டது.

இங்கேதான், ஐரோப்பாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்துசேர்ந்த கோர்ஸ் என்னும் செடி வேரூன்றிப் புதராய் மண்டிவிட்டது. பட்டாணியின் வம்சத்தைச் சேர்ந்த இதன் மஞ்சட் புஷ்பங்களைப் பார்த்து மயங்காதவர் இல்லை. சொந்த நாட்டில் வேலிக்குப் பயன்பட்ட இதனை அவ்வாறே நியூசிலாந்துக்கும் கொண்டுபோய் வைத்தவர்கள், பிற்பாடு அதையே தங்கள் நாட்டின் கொடிய களைகளில் ஒன்றாக எண்ணி வருந்த நேர்ந்தது. எண்ணெய்ப் பசை கொண்ட இச்செடி தீயைக் கண்டால் பச்சையாகவே பற்றும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் பேண்டன் நகரை 1936இல் சாம்பலாக்கிய நெருப்புக்கு இதுவே விறகாயிற்று.

புதரை வெட்டிவிட்டால் போகாதா என்று கேட்கலாம். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளுக்கு இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை: வெட்டிய தேயிலைச்செடி எப்படிப் புதுக்கொழுந்தோடு எழும்புகிறதோ, அப்படியே கோர்ஸும் அடிமரத்திலிருந்து முன்னிலும் அடர்த்தியாய்த் தழைக்கும். ஆகவே வேரோடு பிடுங்கவேண்டும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரும் தொண்டர்களும் அங்கே அவ்வாறே பிடுங்கி வருகிறார்கள். பிடுங்கிய பின்னும் வேலை தீர்ந்ததன்று. காய்ந்த நெற்று வெடித்துச் சில மீட்டர் தூரம் சிதறும் விதைகள் மண்ணுக்குள் முப்பது ஆண்டுகள்கூட உயிரோடு உறங்கவல்லவை. தீயின் சூடும் கிளறிய மண்ணும் அவற்றை எழுப்பிவிடும். மேலும், வேர்முடிச்சுகளால் நைதரசனைச் சேர்த்து வைக்கும் இச்செடி, வறிய மண்ணுக்கே பழகிய நாட்டுப் பூண்டுகளுக்கு அந்த நிலத்தை அந்நியமாக்கிவிட்டே போகிறது. எனவே ஒருநாட் சிரமதானத்தைப் படம்பிடித்துக்கொண்டு திரும்புவது நல்ல காரியமேயாயினும் அது போதாது. மறு வருஷமும் அதன் மறு வருஷமும் அதே இடத்துக்குப் போய், முளைத்த கன்று பூக்குமுன் பிடுங்குவதே மெய்யான வேலை என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. இலங்கைக்கே உரிய, கன்னம் கறுத்த பச்சை ஓணான் ஒன்று, இந்த அந்நிய முட்புதரையே தனக்குக் கோட்டையாகக் கொண்டிருப்பதை உயிரியலாளர் கண்டிருக்கிறார்கள். ஆதலின் ஒரே மூச்சில் யாவற்றையும் வழித்தெறிவதைக் காட்டிலும், பகுதி பகுதியாக அகற்றி, அந்த இடத்தில் நாட்டுச் செடிகள் தலையெடுக்க அவகாசம் கொடுப்பதே விவேகம். நீலகிரியின் முக்குருத்திப் புல்வெளிகளிற் பரவிய சீகை மரங்களை அகற்றுவோருக்கும் இந்தப் பொறுமை வேண்டியிருக்கிறது.

ஹட்டனில் ரயிலேறிப் பட்டிப்பொலவில் இறங்கி, ஹோட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்து மலைவிளிம்பைக் காணப் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோர்ஸின் விதை சேற்றோடு ஒட்டிக்கொண்டு பிரயாணம் செய்யும். புல்வெளியில் காலை வைக்குமுன்னும், அங்கிருந்து திரும்பும்போதும், பாதரட்சையின் அடியில் ஒட்டிய மண்ணை நன்றாகத் தட்டிவிடுங்கள்.