ஒரு வேளை கிளம்பும், மறு வேளை கிளம்பாது: மோட்டார்ஹோமின் ஸ்டார்ட்டிங் கோளாறு

லாரி அல்லது வேன் சேஸிஸின்மேல் படுக்கை, அடுப்பு, குளியலறை என ஒரு வீட்டையே ஏற்றிக் கட்டியது மோட்டார்ஹோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விடுமுறைக்குக் குடும்பத்தோடு இதில் ஊர் சுற்றுகிறார்கள். இதன் உரிமையாளர்களை மிகவும் அலைக்கழிப்பது முற்றிலும் பழுதான எஞ்சின் அல்ல. ஒரு வேளை கிளம்பி மறு வேளை மறுக்கும் எஞ்சின்தான். காலையில் முதல் திருப்பிலேயே உறுமும். வழியில் டீசல் போட நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு அடங்கிவிடும். அரைமணி நேரம் கழித்து எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. கோளாறு எப்போதும் உள்ளே இருக்கிறது. சூடு, ஈரம், அதிர்வு, பேட்டரியின் தளர்ச்சி என ஏதோ ஒன்று சேரும்போது மட்டும் வெளியே தெரிகிறது. எது சேரும்போது தெரிகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றுகிறதா? நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் எரிபொருள் பம்ப், வடிகட்டி, சென்சார் பக்கம் தேடவேண்டும். சுற்றவே இல்லை அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் தேடவேண்டும். மோட்டார்ஹோம்களில் அதிகம் தொல்லை தருவது இந்த இரண்டாம் வகை.

கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிய காலத்துக்கு முடிவு கட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்தது. சில விநாடிகள் மட்டும் வேலை செய்யப்போகும் மோட்டார் சிறியதாகவே இருக்கலாம், அந்தச் சில விநாடிகளில் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை அது தாங்கினால் போதும் என்பதே அவர் கண்ட வழி. இன்றும் அதே வழிதான். பெரிய எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர், சில டீசல் எஞ்சின்களில் அதற்கு இருமடங்குகூட இழுக்கும். கோளாறின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு டெர்மினலில் பூத்த துருவால் நூறில் ஒரு பங்கு ஓம் தடை சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியர் அதன் வழியே பாயும்போது 2 வோல்ட் அங்கேயே வெப்பமாக வீணாகிறது. 12 வோல்ட் அமைப்பில் அது பெரிய இழப்பு. அதே இணைப்பின் வழியே ஒரு ஆம்பியர் மட்டும் இழுக்கும் விளக்குக்கோ எந்தக் குறையும் தெரியாது. ஆகவே விளக்கு பளிச்சென்று எரிவதால் பேட்டரியும் கேபிளும் நன்றாக இருப்பதாக முடிவுகட்டக் கூடாது.

மோட்டார்ஹோமில் இந்தத் தடை சேர இடங்கள் அதிகம். எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டு விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் வேறு பேட்டரி என இரண்டு தொகுப்புகள் உண்டு. அவற்றுக்கு நடுவே ரிலேக்களும் துண்டிப்பு ஸ்விட்சுகளும் நீண்ட கேபிள்களும் இருக்கின்றன. எர்த் இணைப்புகளோ வண்டியின் அடியில், சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரிலும் பனிக்காலச் சாலை உப்பிலும் நனைகின்றன. ஐரோப்பாவில் பரவலாக உள்ள ஃபியட் டுகாட்டோ சேஸிஸ் வண்டிகளில், கியர்பாக்ஸை சேஸிஸோடு இணைக்கும் எர்த் பட்டையை அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது இதனால்தான்.

சூடு இன்னொரு காரணம். பல அமெரிக்க மோட்டார்ஹோம்களில் எஞ்சின், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு மூடிக்குள் அடங்கியிருக்கும். வண்டி நின்றதும் காற்றோட்டம் நிற்கிறது. புகைபோக்கிக் குழாயின் வெப்பம் ஸ்டார்ட்டரில் ஏறுகிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 80 டிகிரி ஏறினால் முப்பது சதவீதத்துக்கு மேல். ஸ்டார்ட்டரின் மின்காந்த ஸ்விட்சான சொலினாய்டு தேய்ந்திருந்தால், குளிர்ந்தபோது சமாளித்தாலும் சூட்டில் தோற்றுவிடுகிறது.

சோதனைகள் எளியவை. கியரைப் பார்க்கிங்கில் வைத்து, ஹேண்ட்பிரேக்கையும் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கிளம்ப மறுக்கும்போது, வீட்டு பேட்டரியைத் துணைக்கு இழுக்கும் பூஸ்ட் ஸ்விட்சை அழுத்துங்கள். உடனே கிளம்பினால் எஞ்சின் பேட்டரியையோ அதன் டெர்மினலையோ சந்தேகியுங்கள். கிளம்பாவிட்டால் கேபிள், எர்த், ஸ்டார்ட்டர் பக்கம் போங்கள். சத்தமே வராவிட்டால் கியரை நியூட்ரலில் வைத்துத் திருப்புங்கள். அப்போது கிளம்பினால் கியர் நிலையை உணரும் ஸ்விட்சில் குறை.

பிறகு மல்டிமீட்டர். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஒருவர் சாவியைத் திருப்ப, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் முனைக்கும் இடையே அளவெடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்த வழியில் எங்கோ தடை. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். ஓம் அளவில் வைத்துப் பார்ப்பது இங்கே பயன்படாது. அறுந்த கேபிளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்லதென்றே சொல்லும்.

மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும் பேட்டரியைக் கெடுக்கும். வண்டி நிற்கும்போது 50 மில்லி ஆம்பியர் மட்டும் கசிந்தாலும் நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகிறது. 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு வாரத்தில் பாதியாகிவிடும். அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டித்து, பழைய வலு திரும்பாது.

ஊகத்தில் ஸ்டார்ட்டரை மாற்றி, பேட்டரியை மாற்றிப் பணத்தை இறைக்காதீர்கள். ஒவ்வொரு முறை மறுக்கும்போதும் எஞ்சின் சூடா குளிரா, என்ன சத்தம், எத்தனை வோல்ட் என்று எழுதிவையுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது அந்தக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். கோளாறு அவர் கண்முன் வராத நாளிலும் அதை வைத்து அவரால் வேலையைத் தொடங்க முடியும்.