பொழுதும் வலுவும்: ஒரு கிறிஸ்தவ நோக்கு



நேரம் போதவில்லை என்னும் முறைப்பாட்டை இந்நாளிலே எல்லோரிடமும் கேட்கின்றோம். கந்தோரிற் கடமையாற்றுபவர் அவ்வாறு கூறுகின்றார். அடுக்களைக்கும் தோட்டத்துக்குமாக ஓடித்திரியும் தாய் அவ்வாறு கூறுகின்றாள். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பத்து வயதுப் பிள்ளையும் அவ்வாறே கூறுகின்றது. நாளுக்கு 24 மணித்தியாலம் என்பது அரசனுக்கும் ஆண்டிக்கும் பொதுவான அளவு. அதனைக் கணமேனும் கூட்டிக்கொள்ள ஒருவராலும் இயலாது. அளவு மாறாதிருக்க, முறைப்பாடு மாத்திரம் நாளுக்கு நாள் வளர்வது எதனால்? இவ்வினாவுக்குக் கிறிஸ்தவ சமயம் தரும் விடை யாது என்பதை எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும். பிற சமயத்தவரும் இதிற் கொள்ளத்தக்கவை சில உள என்று நம்புகின்றேன்.

முதலாவது, நேரம் யாருடையது என்பதைத் தெளிதல் வேண்டும். 'என் நேரம்' என்று நாம் எளிதாகக் கூறிவிடுகின்றோம். கிறிஸ்தவன் அவ்வாறு கூறத் தயங்குவான். வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலே உக்கிராணக்காரன் என்றொரு சொல் உண்டு. உக்கிராணம் என்பது பண்டசாலை. பெருவீடொன்றின் பண்டசாலைத் திறப்பைக் கையில் வைத்திருப்பவனே உக்கிராணக்காரன். உள்ளே இருக்கும் நெல்லும் எண்ணெயும் அவனுடையன அல்ல. ஆயினும் அவற்றைச் செலவிடும் அதிகாரம் அவனுக்கு உண்டு. இயேசுபிரான் நல்ல உக்கிராணக்காரனைப் பற்றிப் பேசுமிடத்து, அவன் எவ்வளவு சேர்த்துவைத்தான் என்று வினவவில்லை. வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கை உரிய வேளையில் அளந்து கொடுத்தானா என்றே வினவுகின்றார். எனவே, பண்டங்களை வீணாக்குபவன் எவ்வாறு குற்றவாளியோ, அவ்வாறே கணக்கைச் செம்மையாக எழுதிக்கொண்டு வீட்டாரைப் பட்டினி போடுபவனும் குற்றவாளியாவான். நம் பொழுதையும் உடல்வலுவையும் இந்த நோக்கிலே காண்பதுதான் கிறிஸ்தவ நெறியின் அடிப்படை.

தாலந்து உவமையும் இதனோடு சேர்த்துச் சிந்திக்கத்தக்கது. தலைவன் ஒருவனிடம் ஐந்து தாலந்தும், மற்றொருவனிடம் இரண்டும், வேறொருவனிடம் ஒன்றும் ஒப்படைத்துப் பயணஞ் செல்கின்றான். அவரவர் ஆற்றலுக்கேற்பவே அவன் பகிர்ந்தான் என்பது கருதத்தக்கது. திரும்பி வந்தபோது, ஐந்தைப் பத்தாக்கியவனும் இரண்டை நான்காக்கியவனும் ஒரே பாராட்டைப் பெறுகின்றனர். இரண்டு பெற்றவனை நோக்கி, நீ ஏன் பத்துக் கொண்டுவரவில்லை என்று தலைவன் கேட்கவில்லை. நோயாளியின் வலுவும் இளைஞனின் வலுவும் ஒன்றல்ல. கைக்குழந்தையை வைத்திருக்கும் பெண்ணின் நாளும், பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய வீட்டில் இருப்பவரின் நாளும் ஒன்றல்ல. அயலவரின் கணக்கைக் கொண்டு நம் கணக்கை அளப்பதை விட்டொழித்தாலே மனச்சுமையிற் பாதி இறங்கிவிடும்.

அடுத்ததாக, எந்த வேளைக்கு எந்தப் பணி என்பதை அறிதல் வேண்டும். கிரேக்க மொழியிலே காலத்தைக் குறிக்க இரு சொற்கள் உண்டு. குரோனோஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் காலம்; கைரோஸ் என்பது தக்க வேளை. பவுல் அடியார் எபேசியருக்கு எழுதிய திருமுகத்திலே காலத்தைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தும்போது ஆள்வது கைரோஸ் என்னும் சொல்லையே. அதனோடு அவர் சேர்த்து வழங்கும் வினைச்சொல்லோ சந்தையிலே பொருளை விலைகொடுத்து மீட்பதைக் குறிப்பது. நம் கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காலபோக விதைப்புக்குரிய ஈரம் நிலத்திலிருக்கும் சில நாள்களைத் தவறவிட்டவன், பின்னர் இராப்பகலாக உழைத்தாலும் அந்த விளைச்சலைப் பெறான். பிள்ளை பேச விரும்பி நம்மிடம் வரும் வேளையும், நோயுற்ற பெற்றோர் நம் முகத்தை எதிர்பார்த்திருக்கும் வேளையும் அத்தகையனவே.

இயேசுபிரானின் ஒரு நாளை மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் காட்டுகின்றது. இடம் கப்பர்நகூம் என்னும் ஏரிக்கரை ஊர். ஓய்வுநாளிலே செபக்கூடத்திற் போதிக்கின்றார். அங்கே ஒருவனைக் குணமாக்குகின்றார். சீமோனின் வீட்டிலே காய்ச்சலாய்க் கிடந்த அவனுடைய மாமியை எழுப்புகின்றார். பொழுது சாய்ந்ததும் ஊர் முழுவதும் வாசலில் வந்து திரள்கின்றது. மறுநாள் இருள் புலருமுன்னரே அவர் எழுந்து தனித்த இடஞ் சென்று செபிக்கின்றார். சீடர்கள் தேடிச் சென்று, எல்லோரும் அவரை நாடி நிற்பதாக அறிவிக்கின்றனர். அவரோ கப்பர்நகூமுக்குத் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகின்றார். இரக்கமே வடிவான அவர், தம்மைத் தேடிய கூட்டத்தை விட்டுச் சென்றார் என்பது முதலில் வியப்பைத் தரும். ஆயினும், தாம் வந்த நோக்கத்தை அவர் அறிந்திருந்தார். தேவை இருக்குமிடமெல்லாம் நமக்கு அழைப்பு உண்டு என்பதில்லை. தனிமையிலே இறைவன் முன் நின்று தன் கடமையைத் தெளிந்துகொண்டவனாலேயே, வேண்டும்போது மனச்சாட்சி உறுத்தாமல் 'இயலாது' என்று கூறமுடியும். அவ்வாறு தெளியாதவன் கேட்பவர்க்கெல்லாம் 'ஆம்' என்று கூறி, ஈற்றில் ஒருவருக்கும் பயன்படாமற் போகின்றான்.

இனி, வலுவைப் பற்றிச் சிறிது கூறுவேன். மோசே காலைமுதல் மாலைவரை தனியே அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துவந்தார். அவருடைய மாமனார் எத்திரோ அதைக் கண்டு, இது நல்லதன்று, நீயும் தளர்ந்து போவாய், காத்துநிற்கும் மக்களும் தளர்ந்து போவர் என்னும் கருத்துப்பட எச்சரித்தார். ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்களை நியமித்து, அரிய வழக்குகளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளுமாறு ஆலோசனை கூறினார். எல்லாவற்றையும் தானே செய்யவேண்டும் என்று எண்ணுபவன் தன்னை மாத்திரமன்றிப் பிறரையும் வருத்துகின்றான் என்பதே இதன் கருத்து.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலே சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே பணியாற்றினார். நோயாளரின் தொகையை நோக்கின், ஒரு வைத்தியர் இராப்பகலாக உழைத்தாலும் போதாது. அவர் தம் பொழுதில் ஒரு பகுதியை நோயாளரிடமிருந்து எடுத்து மாணாக்கருக்குக் கொடுத்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்; பிற்காலத்திலே தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1857இல் தாயகம் சென்று, 1862இல் மீண்டு வந்து, 1873 வரை தொண்டாற்றினார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அன்று ஒருவரின் இரு கைகளோடு நின்றிருக்கக்கூடிய பணி, இவ்வாறு பல கைகளுக்குச் சென்று நிலைபெற்றது.

எலியா தீர்க்கதரிசியின் வரலாறு இன்னொரு பாடம் தருகின்றது. கர்மேல் மலையிலே பெருவெற்றி கண்ட அவர், யேசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டினார். இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை; உபதேசமும் செய்யவில்லை. தூதன் அவரைத் தட்டியெழுப்பியபோது, தழலிற் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் நீரும் தலைமாட்டில் இருந்தன. உண்டபின் மறுபடியும் உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் எழுப்பி உண்பித்தான். கடவுளின் குரலைக் கேட்டது அதற்குப் பின்னரே. சோர்வுற்ற உள்ளத்தை விசுவாசக் குறைவு என்று பழிக்க விரைவோர் இதனைக் கருதுதல் வேண்டும். சில வேளைகளில் உறக்கமும் உணவுமே முதன் மருந்து.

மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையாகிய ஜோன் வெஸ்லி (1703–1791) நேரத்தைப் பேணுவதிற் பேர்பெற்றவர். நாள்தோறும் இரவில் விழிப்பு வருவதைக் கண்ட அவர், தமக்குத் தேவைக்கு மேற்பட்ட நேரம் படுக்கையிற் கழிகின்றது என்று ஊகித்தார். எழுப்புமணி ஒன்றை வாங்கி, முதல் நாள் ஏழு மணிக்கும், அடுத்தடுத்த நாள்களில் ஆறுக்கும் ஐந்துக்கும் நான்குக்கும் எழுந்து பார்த்தார். நான்குக்கு எழுந்த அன்று இரவு விழிப்பு வரவில்லை. தம் உடலுக்குரிய அளவை இவ்வாறு அறிந்துகொண்டார். நாம் பின்பற்றவேண்டியது அவர் எழுந்த மணியை அன்று. தம் அளவைச் சோதித்தறிந்த முறையையே. அவருடைய வாழ்விலே வேறொரு பக்கமும் உண்டு. 1751இல் அவர் செய்துகொண்ட திருமணம் இனிதாக அமையாது, இருவரும் பிரிந்து வாழ்ந்தனர். ஓயாத பிரயாணத்திலே வீட்டுக்கு எஞ்சிய பொழுது சிறிது. நற்பணியின் பெயராலும் ஒருவருடைய பங்கு குறைந்துபோகலாம் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

இறுதியாக, ஓய்வுநாள். யூத மரபிலே நாள் தொடங்குவது விடியலில் அன்று, பொழுது சாயும் வேளையிலாகும். அஃதாவது, நாளின் முதற் பகுதி உறக்கம். உழைப்பு அதன் பின்னரே. நாம் உறங்கும்போதும் உலகை நடத்துபவர் ஒருவர் உளர் என்னும் நம்பிக்கை இவ்வொழுங்கிலே பொதிந்துள்ளது. ஓய்வுநாட் கட்டளையோ வீட்டுத் தலைவனை மட்டும் நோக்கியதன்று. மகனும் மகளும், வேலைக்காரனும் வேலைக்காரியும், எருதும் கழுதையும், வாசலுக்குள் இருக்கும் அந்நியனும் ஓய்தல் வேண்டும் என்று அது விதிக்கின்றது. தன் ஓய்வுக்காகப் பிறர் ஓய்வைப் பறிப்பவன் அக்கட்டளையைக் கைக்கொண்டவனாகான்.

இந்த அளவுகோலை நம் ஞாயிற்றுக்கிழமை மீது வைத்துப் பார்ப்போமாக. 1966 முதல் 1971 வரை இந்நாட்டிலே போயா நாளையொட்டி வாரவிடுமுறை அமைந்தமையால், ஞாயிறு பெரும்பாலும் வேலைநாளாயிற்று. கிறிஸ்தவர்கள் வேலைக்குப் போகுமுன்போ மாலையிலோ வழிபாட்டுக்கு நேரம் தேடவேண்டியிருந்தது. இன்று ஞாயிறு விடுமுறைதான். ஆயினும் அதனை நாமே நம் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொள்கின்றோம். ஐந்து நாள் பாடசாலை. பின்னேரங்களில் தனியார் வகுப்பு. சனியும் ஞாயிறும் மீண்டும் வகுப்பு. திங்கட்கிழமை முதற் பாடவேளையிலே கண்ணயரும் பிள்ளைகளை ஆசிரியர் யாவரும் அறிவர். அப்பிள்ளை சோம்பேறி அன்று. அதனுடைய பங்கு அளந்து கொடுக்கப்படவில்லை. பிள்ளையின் முன்னேற்றத்துக்காகவே செய்கின்றோம் என்று பெற்றோர் கூறுவர். அவர் அன்பில் ஐயமில்லை. ஆனால், களைத்த மூளையில் திணிக்கப்படுவது தங்குவதில்லை. ஞாயிறு நண்பகல் விருந்தை உண்டு வீட்டார் கண்ணயரும்போது, பாத்திரங் கழுவிக்கொண்டு நிற்பவள் யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

நேயர்களே, நடைமுறைக்கு மூன்று செய்திகளைக் கூறி முடிக்கின்றேன். ஒன்று, காலையில் கைத்தொலைபேசியைத் தொடுமுன் சில நிமிடம் அமைதியாயிருந்து, இன்று தவறாது செய்யவேண்டியது யாது என்று இறைவன் முன் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டு, ஆறாம் நூற்றாண்டிலே புனித ஆசீர்வாதப்பர் தம் மடத்துத் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கின்படி, வழிபாட்டுக்குரிய ஓசை கேட்டதும் கையிலுள்ள வேலை முடியாவிடினும் விட்டெழுதல் வேண்டும். நாமும் மாலையில் ஒரு வேளையைக் குறித்து, முடியாத வேலையை முடியாததாகவே வைத்துவிடப் பழகுவோமாக. மூன்று, நமக்குக் கீழ் உள்ளவர்கள், நம் பிள்ளைகள், வீட்டுப் பெண்கள், நம்மிடம் வேலை செய்வோர் ஆகியோருக்கு வாரத்தில் ஒரு நாளேனும், அன்றேல் அரைநாளேனும், ஒருவரும் தொடாத ஓய்வாக ஒதுக்கிக் கொடுப்போமாக.

பண்டசாலையின் திறப்பு என்றோ ஒரு நாள் நம் கையிலிருந்து திரும்பப் பெறப்படும். அன்று நாம் எத்துணைப் பணிகளைக் குவித்தோம் என்பதிலும், நம்மை நம்பி வாசலில் நின்றவர்கள் தத்தம் பங்கைப் பெற்றார்களா என்பதே பெரிதாகக் கேட்கப்படும்.