டிரென்டனுக்குப் போன கிண்டி எஞ்சினியர்

2016ல் எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பேனல் போட்டோம். 1000 யூனிட் மின்சாரம் உற்பத்தியானால் கணக்கில் ஒரு சான்றிதழ் ஏறும். அதை விற்றால் டாலர்!

"வெயில் அடிச்சா காசா? யாருப்பா குடுக்கறாங்க?" என்று கேட்டாள் என் மகள். அப்போது அவள் பத்தாவது.

"கவர்ன்மென்ட்டும்மா."

"எந்த கவர்ன்மென்ட்? வாஷிங்டனா, டிரென்டனா?"

எனக்குத் தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது: உபேந்திரா சிவுகுலா. சான்றிதழ் விஷயம் டிரென்டனில் போட்ட சட்டம், அதைச் சட்டமன்றத்தில் முன்மொழிந்தவர்களில் இவர் முக்கியமானவர். அதோடு நம்ம கிண்டி எஞ்சினியரிங் காலேஜ்காரர். அதே காலேஜில் பல வருஷம் கழித்துப் படித்தவன் நான். அவர் தொகுதியில்தான் வீடு வாங்கியிருந்தேன். ஆனால் அவருக்கு ஒரு முறைகூட ஓட்டுப் போட்டதில்லை.

சிவுகுலா பிறந்தது 1950ல், நெல்லூரில். அன்றைக்கு நெல்லூர் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. கிண்டியில் எலக்ட்ரிகல் எஞ்சினியரிங் முடித்துவிட்டு, நியூயார்க் சிட்டி காலேஜில் மேல்படிப்பு. பிறகு எஞ்சினியர் வேலை, நியூஜெர்சியில் குடும்பம். இதுவரை உங்கள் கதை, என் கதை மாதிரியேதான்.

மாறியது எங்கே என்றால், 90களின் கடைசியில் அவர் பிராங்க்ளின் டவுன்ஷிப் கவுன்சிலுக்குப் போனார். நம்மூர் நகராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை வரலாம், போலீசுக்கு எவ்வளவு பட்ஜெட் என்று மணிக்கணக்கில் பேசுகிற இடம். 2000ல் அதே ஊருக்கு மேயர். 2001 நவம்பரில் 17வது தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானார். நியூஜெர்சி சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் தெற்காசியர் அவர்தான்.

நம்மூர் எம்.எல்.ஏ. என்றால் கார், கொடி, கூட்டம் எல்லாம் ஞாபகம் வரும். இங்கே அது பகுதிநேர வேலை. அவர் இருந்த காலத்தில் வருஷச் சம்பளம் 49,000 டாலர். அசெம்பிளியில் 80 பேர், தொகுதிக்கு இரண்டு பேர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மக்களிடம் போய் நிற்க வேண்டும். சிவுகுலா அப்படி ஏழு முறை ஜெயித்தார். துணை சபாநாயகராகவும் இருந்தார். தொலைத்தொடர்பு, மின்சாரம் பற்றிய குழுவுக்குத் தலைமை வகித்தார். எலக்ட்ரிகல் எஞ்சினியருக்குப் பொருத்தமான நாற்காலி!

2010ல் வந்த சோலார் சட்டம், மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் வருஷா வருஷம் இவ்வளவு சூரிய மின்சாரத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. அதற்காகத்தான் அவர்கள் நம் சான்றிதழை வாங்குகிறார்கள். ஆனால் ஏராளமானவர்கள் பேனல் போட, சான்றிதழ் குவிந்து விலை சரிந்தது. 2012ல் வேறொரு சட்டம் கொண்டுவந்து நிறுவனங்கள் வாங்க வேண்டிய அளவைக் கூட்டினார்கள். அதிலும் சிவுகுலாவின் பங்கு உண்டு. அவர் டெமாக்ரட், கையெழுத்துப் போட்ட கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி ரிபப்ளிகன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் காசு வானத்திலிருந்து விழுவதில்லை. பேனல் இல்லாத பக்கத்து வீட்டுக்காரரின் கரண்ட் பில்லிலும் ஒரு பங்கு போகிறது. யாருக்கு எவ்வளவு பாரம் என்று தீர்மானிப்பதும் டிரென்டன்தான்.

வாஷிங்டன் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. 2012ல் காங்கிரசுக்குப் போட்டியிட்டு லெனர்ட் லான்ஸிடம் தோற்றார். 2014ல் வேறு தொகுதியில் கட்சிக்குள் நடந்த தேர்தலில் பானி வாட்சன் கோல்மன் ஜெயிக்க, இவர் மூன்றாவதாக வந்தார். அதே வருஷம் கிறிஸ்டி அவரை மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு வாரியத்தில் உறுப்பினராக்கினார். மின்சாரம், கேஸ், தண்ணீர்க் கட்டணங்களைக் கவனிக்கும் வாரியம் அது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். "நீ ஏம்ப்பா அவருக்கு ஓட்டுப் போடலை?" என்றாள்.

2010லேயே குடியுரிமை வாங்கிவிட்டேன். ஜனாதிபதி தேர்தல் என்றால் சட்டை மாற்றிக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நிற்பேன். நியூஜெர்சி சட்டமன்றத் தேர்தல் வருவது ஒற்றைப்படை வருஷங்களில். 2011, 2013, 2015 மூன்றிலும் "ஆபீஸ்ல வேலை" என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

பே ஏரியா, டெக்சாஸ் நண்பர்களுக்கும் இது பொருந்தும். டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு வருஷத்தில் 140 நாள்தான் வழக்கமாகக் கூடும், உறுப்பினர் சம்பளம் மாசம் 600 டாலர். ஆனால் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு மாநில நிதி எவ்வளவு என்று முடிவாவது அங்கேதான். வாட்ஸ்அப்பில் நாம் சண்டை போடுவதோ வாஷிங்டனைப் பற்றி!

2017 நவம்பரில் முதல் தடவையாக மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். வரிசையே இல்லை, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அதற்கப்புறம் ஒருநாள் சாயங்காலம் மகள் என்னை டவுன்ஷிப் கவுன்சில் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலிகள் பாதிக்குமேல் காலி. நம்மாட்கள் என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான்.

"இப்படி ஒரு ரூம்லதானேப்பா அவரும் ஆரம்பிச்சாரு?" என்று காதோடு கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.