குடும்பத்தோடு கனடா: புறப்படும் முன் போட வேண்டிய கணக்கு

பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிக் குடும்பத்தோடு கனடாவில் குடியேறும் யோசனை இன்று மளிகைக் கடைக்காரர் வீடுகளிலும் எழுகிறது. போவதும் இருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் மாதச் சம்பளக்காரர் போவது வேறு, வியாபாரி போவது வேறு. அவர் பணம் வங்கியில் இருக்கிறது. நம் பணமோ சரக்கிலும் வெளிபாக்கியிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறையில், கனடாவில் வேலை உறுதியாகாமல் திறமைத் தொழிலாளர் பிரிவில் விண்ணப்பிப்பவர் கையில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு 2025-ல் அறிவிக்கப்பட்ட தொகை 28,362 கனடா டாலர். டாலருக்கு 60 ரூபாய் என்று வைத்தாலே 17 லட்சம் ஆகிறது. இத்தொகை ஆண்டுதோறும் திருத்தப்படும். கைமாற்று வாங்கிக் காட்டக் கூடாது. வீடு, மனையின் மதிப்பும் கணக்கில் வராது. வங்கி தரும் கடிதத்தில் இன்றைய இருப்பு மட்டுமன்றி, ஆறு மாதச் சராசரி இருப்பும் கடன் பாக்கியும் இருக்க வேண்டும். ஓ.டி. கணக்கில் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு இதுதான் முதல் சிக்கல்.

ஆகவே ஓராண்டுக்கு முன்பே பாக்கிகளை வசூலிக்கத் தொடங்க வேண்டும். ‘அண்ணாச்சி வெளிநாடு போகிறார்’ என்ற செய்தி கடைவீதியில் பரவிவிட்டால், பாக்கிக்காரர் இழுத்தடிப்பார், மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குப் போடத் தயங்குவார். வசூலுக்குப் பிறகே பேச்சு என்பது நல்ல விதி.

அடுத்தது கடை. மூடுவதானால் ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். இருப்பிலுள்ள சரக்குக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டைத் திரும்பக் கட்ட வேண்டிவரும். எனவே சரக்கை விற்றுக் குறைத்த பிறகு ரத்துக்கு விண்ணப்பிப்பதே லாபம். கடன் பொறுப்புகளோடு கடையைத் தம்பிக்கோ மகனுக்கோ முறையாக மாற்றினால், மீதமுள்ள கிரெடிட்டை ஐ.டி.சி.-02 படிவம் மூலம் அவர் பெயருக்கு மாற்றலாம். வாய்ப்பேச்சு போதாது, பத்திரம் வேண்டும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், குடியேற்றச் செலவுக்காக ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். 17 லட்சத்தை ஒருவரே அனுப்பினால் 1,40,000 ரூபாய் முடங்கும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், புறப்படும் நேரத்தில் அந்தப் பணம் கைக்கு உதவாது. கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வரம்பு உண்டு. ஆனால் அனுப்பும் பணம் அவரவருடையதாக இருக்க வேண்டும்.

குடியேறிய பின் இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்துகொண்டு இங்கே வீட்டை விற்றால், வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி உள்ளூர்க்காரருக்குப் பிடிப்பதைவிடப் பல மடங்கு. விற்கும் எண்ணம் இருந்தால் ஆடிட்டரை முன்பே கலந்துகொள்க.

நிரந்தரக் குடியுரிமை பெற்றவரின் பிள்ளைகளுக்கு அங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. ஒன்டாரியோ மாநிலத்தில் மருத்துவக் காப்பீட்டுக்குக் காத்திருப்புக் காலம் 2020-ல் நீக்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் போய்ச் சேர்ந்த மாதத்தின் மீதி நாட்களும், மேலும் இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும், அதுவரை தனிக் காப்பீடு அவசியம். ஒன்டாரியோவில் வாடகை வீட்டுக்கு முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து முன்கூட்டியே கேட்பது வழக்கம். இங்கே 20 ஆண்டு நாணயமாக வியாபாரம் செய்திருந்தாலும், அங்குள்ள வங்கிக்கு நாம் புதுமுகமே.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழர் மளிகைக் கடைகள் பல உண்டு. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து சென்றவர்கள் பாடுபட்டு வளர்த்தவை பல. அதைப் பார்த்து, போன உடனே கடை போட நினைப்பது ஆபத்து. சிறிது காலம் வேலை பார்த்து, வாடிக்கையும் சட்டமும் தெரிந்துகொண்டு முதலை இறக்குவதே விவேகம்.

குடும்பத்தோடு உட்கார்ந்து ஐந்தொகை போடுங்கள். சரக்கையும் பாக்கியையும் கழித்து, ரொக்கம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். அந்த ரொக்கத்தில் வருமானமின்றி ஆறு மாதம் குடும்பம் நடத்த முடியுமானால் தைரியமாக விண்ணப்பியுங்கள். முடியாதென்றால் இன்னும் ஓராண்டு கல்லாவில் உட்காருவதில் குறைவொன்றுமில்லை.